தீவன மூட்டையும் கல்யாணப் பெண்ணும்

ஆனி மாதக் கடைசியில் அக்கா மகள் கீர்த்தனாவுக்கு நிச்சயம் நடந்தது. விருந்தில் ஒரு குறையும் இல்லை. பேச்சில்தான் ஒரு சிட்டிகை உப்பு கூடிவிட்டது.

அக்கா வீடு சேலத்து ஓரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில். ஏற்காட்டு மலைப்பாதை அங்கிருந்துதான் நிமிர ஆரம்பிக்கும். மொட்டை மாடியில் பந்தல், வரிசையாக வாழை இலை. எனக்கு எதிர்வரிசையில் கீர்த்தனா. ஒரு ஜிலேபியை முடித்துவிட்டு இரண்டாவதைக் கையில் எடுத்திருந்தாள். அப்போதுதான் ரிக் மச்சான் வாயைத் திறந்தார்.

ரிக் மச்சான் யாரென்று சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் வண்டி வைத்திருக்கிறார். அந்த வண்டி எந்தெந்த மாநிலத்திலோ போய் பூமியைத் துளைத்துவிட்டு வரும். மனிதர் நல்லவர். குரல் மட்டும் அந்த வண்டியோடு போட்டி போடும்.

"ஏனுங்க மாப்ள... முகூர்த்தத்தன்னிக்குப் புள்ளயத் தூக்கோணுமல்ல? உங்களால ஆவுமுங்களா? இல்லீன்னா கூச்சப்படாமச் சொல்லிப்போடுங்க. ரிக்குல ராடு தூக்கற கிரேன் ஒண்ணு ஊட்டுல சும்மாதான் நிக்குது. மண்டபத்துக்கு அனுப்பி உட்டர்றேன்!"

பந்தியே குலுங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவர் ரச வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணப்பெண் தானாக நடந்து மணவறைக்கு வர மாட்டாள். தாய்மாமன் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும். இப்போதெல்லாம் பல வீடுகளில் கையைப் பிடித்து அழைத்து வருவதோடு முடித்துக்கொள்கிறார்கள். அக்கா வீட்டில் அப்படி இல்லை. தூக்குவது என்றால் தூக்குவதுதான். கீர்த்தனாவுக்கு ஒரே தாய்மாமன். அது நான்.

கீர்த்தனாவும் சிரித்தாள். எல்லோரையும் விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த இரண்டாவது ஜிலேபியை இலையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு இலையை மடித்தாள். சாதம், பருப்பு, அவளுக்கு ரொம்பப் பிடித்த கத்திரிக்காய்ப் பொரியல்... எல்லாம் உள்ளே. மடித்த இலை எப்போதும் தட்டையாக இருக்கும். அவள் இலை புடைத்துக்கொண்டு நின்றது.

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"கிரேனெல்லாம் வேண்டாமுங்க மச்சான்" என்றேன். "நான் இருக்கறேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். ஐம்பதைத் தொடப்போகிற கைகள். தினமும் நான் தூக்குகிற பெரிய எடை என் மூக்குக்கண்ணாடிதான். கேஸ் சிலிண்டரைக்கூட கொண்டு வந்தவரையே சமையலறைவரை வைத்துவிட்டுப் போகச் சொல்கிற ஆள் நான். வார்த்தைகளைத் தூக்குவதும் இறக்குவதுமாகவே வயதைக் கழித்தாயிற்று. அவற்றுக்கு எடையும் இல்லை, இறக்கிவைத்தால் சத்தமும் இல்லை.

ஆனால் கல்யாணம் கார்த்திகையில். நாள் இருக்கிறதே!

*

ஆடி பிறந்த கையோடு அக்கா போன் செய்தாள். "தம்பி, இவ ராத்திரிச் சோத்தையே உட்டுட்டாடா. காத்தால ஒரு டம்ளர் என்னமோ பச்சையா அரைச்சுக் குடிக்கறா. நேத்து ஆபீசுல கிறுகிறுன்னு வந்து உக்காந்துட்டாளாம். கேட்டா, மாமா பாவம்மா, என்னைத் தூக்கறப்போ யாரும் சிரிக்கக் கூடாதுங்கறா."

மாமா பாவமாம்.

அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எடையைப் பற்றிப் பேசவில்லை. கீர்த்தனாவின் எடை எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவள் என்னைத் தூக்கி எறிந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிதலில் கோப்பை வாங்கியவள். உயரமும் அகலமுமாக, வாசலில் வந்து நின்றால் வீடே நிறைந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளை ஒரு ஜிலேபிக்குப் பயப்படுவதா?

"சாப்பிடு சாமி" என்றேன். "தூக்கறது என்னோட வேலை."

"மாமா..." என்று இழுத்தாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு குடம் தண்ணி தூக்குனாவே அத்தை வந்து வாங்கிக்கறாங்க. நானே பார்த்திருக்கறேன்."

"அது போன வருசம்."

"சரி. ஒண்ணு பண்ணலாம். நீங்க தூக்கற வீடியோ அனுப்புங்க, நான் சாப்பிடற தட்டை போட்டோ எடுத்து அனுப்பறேன். நீங்க நிறுத்துனா நானும் நிறுத்திருவேன். சம்மதமா?"

இதைவிடப் பெரிய மிரட்டலை இந்த வயதுவரை யாரும் எனக்கு விட்டதில்லை. நான் சோம்பினால் அவள் பட்டினி. சம்மதித்தேன்.

*

இனி நான் செய்த தவறு. இது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு.

நான் குடியிருப்பது புதுச்சத்திரத்தில். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலை ஓரம். வீட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணை, பண்ணைக்குப் பின்னாலும் கோழிப்பண்ணை. இங்கே பாடி பில்டிங் என்று சொன்னால், எந்த லாரிக்கு என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் எடை தூக்க வேண்டும் என்று முடிவெடுத்த மனிதன் எங்கே போவான்? டம்பெல் வாங்கக் கடைக்கா? பக்கத்துப் பண்ணைக்குத்தான் போவான். அங்கே தீவன மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன.

முதல் நாளே ஐம்பது கிலோ மூட்டை. சின்ன எடையில் ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு என்று தோன்றியது! குனிந்தேன். இரண்டு முனையையும் பிடித்தேன். ஒரே இழுப்பில் முதுகுக்கு ஏற்றினேன். ஏறியது! அந்த ஒரு நொடி... உலகத்தில் நான் தூக்க முடியாதது எதுவும் இல்லை.

அடுத்த நொடி இடுப்பில் ஏதோ ஒன்று, பழைய கதவுத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி, 'டக்'.

மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சத்தம் கேட்டு ஓடி வந்தவள் என் மனைவி வளர்மதி. என்னைப் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள். மூட்டை கிழியவில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

"ஏனுங்க... கோழிக்கு வெச்சிருக்கறதை நீங்க எதுக்குங்க எடுத்தீங்க?"

நாமக்கல்லில் பிசியோதெரபிஸ்ட் ஒரு இளம்பெண். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "மூட்டைதானுங்களே சார்?" என்றார்.

"எப்படிங்க தெரியும்?"

"இந்த ஊர்ல எல்லாரும் மூட்டையிலதான் ஆரம்பிக்கறீங்க. தீவன மூட்டை, இல்லீன்னா லாரி ஸ்பிரிங் பட்டை. ஊட்டுல கிடக்குதேன்னு எடுத்துப் பார்த்துட்டு நேரா இங்க வந்தர்றீங்க. எனக்கென்னங்க, நல்லதுதான்."

அன்று இரவு கீர்த்தனாவுக்கு என் படத்தை அனுப்பினேன். படுக்கையில் கவிழ்ந்து கிடக்கிறேன், இடுப்பில் ஒத்தடப் பை. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டு.

வேடிக்கையாகத்தான் அனுப்பியிருப்பாள். ஆனால் அந்தத் தட்டை என்னால் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

*

முதுகு சரியானதும் பிசியோதெரபி அம்மணி கொடுத்த முதல் எடை என்ன தெரியுமா? ஒரு நாற்காலி. அதைத் தூக்கச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார். பிறகு எழச் சொன்னார், கை ஊன்றாமல்.

முடியவில்லை.

கை தானாகப் போய் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறது. இது என்றைக்கிலிருந்து? பஸ்ஸில், பந்தியில், சினிமாவில், எழுதும் மேஜையில் - எத்தனை வருஷமாக இந்தக் கை என்னை ஏமாற்றிக்கொண்டு வந்திருக்கிறது! என் உடம்பையே என்னால் முழுசாகத் தூக்க முடியவில்லை. இந்த லட்சணத்தில் இன்னொருவரைத் தூக்க வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அங்கிருந்துதான் நிஜமான ஆரம்பம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை வைத்துச் சாய்ந்து நிமிர்வது. இவ்வளவுதான் முதல் சில வாரங்கள். பார்க்கிறவர்களுக்கு இது உடற்பயிற்சி என்றே தோன்றாது. வளர்மதி, "சொவரு உழுந்தரப் போவுதுன்னு தாங்கிப் புடிக்கறீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். அது லேசாகிப்போனதும் பழைய ஸ்கூல் பேக்கில் பொன்னி அரிசியைக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு அதே நாற்காலி. அரிசியைக் கூட்டுவதும் பிடி பிடியாகத்தான். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. தசை வளர்வது அந்த ஓய்வு நாளில்தானாம்! சும்மா இருப்பதற்கும் கணக்கு உண்டு என்று சொன்ன முதல் உடற்பயிற்சி இது. எனக்குப் பிடிக்காமல் போகுமா?

குனிந்து எடுப்பதற்குத்தான் தனிப் பாடம். முதுகை வளைக்கக் கூடாது, இடுப்பை மடக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்வது? "ரெண்டு கையிலயும் பாத்திரம் வெச்சிருக்கறீங்க சார். பின்னாடி கதவைச் சாத்தோணும். எப்படிச் சாத்துவீங்க?" என்றார் அம்மணி. பின்பக்கத்தால் ஒரு தள்ளு. அதேதான். அப்படி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை நேராக வைத்து, எடையை உடம்போடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். அன்று முழுக்க எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் என் பின்பக்கத்தால்தான் சாத்தப்பட்டது.

அக்கா வீட்டு மாடியில் நின்றால் மலை ஏறும் பஸ்களின் சத்தம் கேட்கும். அடிவாரத்தில் ஒவ்வொரு வண்டியும் ஒரு முறை உறுமி, கியரைக் குறைத்து, மெதுவாகி, பிறகுதான் ஏறும். எந்த டிரைவராவது வேகத்தைக் காட்டவா மலையடிவாரத்துக்கு வருகிறார்? மூட்டையை எடுத்த அன்று இந்தச் சத்தம் என் காதில் விழுந்திருக்கக் கூடாதா...

ஆவணியில் கல்யாண மளிகைக்காக அக்காவோடு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். மிளகாய் நெடியில் கண் எரிய, ஆட்டோக்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி ஒரு மொத்தக் கடைக்குள் நுழைந்தால், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தராசில் வைக்கும் இரும்பு எடைக்கல். மேலே பிடி. கன்னங்கரேலென்று, கையில் எடுத்தால் ஜில்லென்று... ஒரு சின்ன மலையைப் பிடி வைத்து வார்த்த மாதிரி.

"எலக்ட்ரானிக் தராசு வந்ததுக்கப்புறம் அதுக்குக் கதவுதாங்க வேலை. வேணும்னா எடுத்துக்குங்க, ரெண்டு கெடக்குது" என்றார் கடைக்காரர்.

இரண்டையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பை கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்த என்னைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே மொளகா, மல்லி வாங்கிட்டுப் போவுது. எந்தம்பி கல்லு வாங்கிட்டு வாரான்."

அந்தக் கற்கள் வந்த பிறகு என் காலைகள் மாறிப்போயின. நெடுஞ்சாலையில் முட்டை லாரிகள் கிளம்பும் நேரம். வாசலில் ஈரம் காயாத சிமெண்ட் தரை. இரும்பைப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, நிமிர்ந்தால்... உள்ளங்காலில் இருந்து பிடரி வரைக்கும் உடம்பு ஒரே வாக்கியமாக நிற்கும். கமா இல்லாத வாக்கியம். இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு அப்படி ஒன்று வாய்த்ததில்லை.

சாப்பாடு? நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு புரதத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் கோழி சிரிக்கும். முட்டைதான். ஆனால் புரட்டாசி பிறந்தது, பெருமாளுக்காக வளர்மதி முட்டைச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "தசையெல்லாம் ஐப்பசில வளத்துக்கலாமுங்க" என்றாள். நான் விடுவேனா? கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, வேர்க்கடலை. குதிரை தின்பதைத் தின்றால் குதிரை பலம் வராமலா போகும்?

ஒவ்வொரு வீடியோவுக்கும் கீர்த்தனாவிடமிருந்து ஒரு தட்டு வந்துகொண்டிருந்தது. நாற்காலிக்கு இரண்டு இட்லி. அரிசிப் பைக்கு மூன்று இட்லி, கூடக் கெட்டிச் சட்னி. எடைக்கல்லுக்கு முழுச் சாப்பாடு. தட்டுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் நிற்கும். நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், நல்லது என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளியன்று வந்த படத்தில் தட்டு நிறைய ஒப்புட்டு, அதாவது போளி, மேலே நெய் உருகி வழிகிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

*

தீபாவளி முடிந்ததும் என் பழைய எதிரியைப் பண்ணையில் காசு கொடுத்து வாங்கி எங்கள் வாசலில் இறக்கச் சொன்னேன். தீவன மூட்டை.

இந்த முறை இடுப்பை மடக்கினேன், மூச்சை விட்டேன், எழுந்தேன். மூட்டை தோளில் ஏறி உட்கார்ந்தது. வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். திரும்பி வந்தேன். 'டக்' சத்தம் இல்லை! வீடியோ எடுக்கச் சொன்னேன் வளர்மதியை. எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"புள்ளயவும் இப்படித்தான் தோள்ல போட்டுட்டுப் போவீங்களா? ஒறம்பரை சனமெல்லாம் பொண்ணு மூஞ்சியப் பாக்கறதா, முதுவப் பாக்கறதா?"

மூட்டையோடு அப்படியே நின்றேன்.

எத்தனை மாதம்! நாற்காலி, அரிசி, இரும்பு, மூட்டை... மூட்டை என்றால் தோளில் ஏற்றுவது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தூக்குவதற்கு இன்னொரு விதம் உண்டு என்பதே என் புத்தியில் ஏறவில்லை. மணப்பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் அது கல்யாணம் இல்லை, ஆள் கடத்தல்.

"சரி, நீ வா" என்றேன் வளர்மதியிடம்.

"எங்கீங்க?"

"கைல."

"கெரகமே... எதுத்த ஊட்டு ஜன்னல் தொறந்திருக்குதுங்க!" என்றாள். ஆனால் வந்தாள். ஒரு கை முழங்காலுக்குக் கீழே, ஒரு கை முதுகுக்குப் பின்னால். கால்கள் எழுந்துவிட்டன. கைகள்தான் எழவில்லை. தோள்வரை பலம் இருக்கிறது, அதற்குப் பிறகு முழங்கையில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் அவள் நழுவி இறங்கிவிட்டாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, சிரிக்காமல் இருந்தாள். அவள் சிரிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முகூர்த்தத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. கீர்த்தனாவிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அந்த நெய் வழிந்த தட்டு என்ன ஆகும்?

சொல்லவில்லை. பிசியோதெரபி அம்மணிக்குப் போன் செய்தேன். அவர் அரை நிமிடம் சிரித்துவிட்டு, "காலும் இடுப்பும் தயாராயிருச்சுங்க சார். அதுதான் பெரிய வேலை. இனி எடையைக் குறைச்சுட்டு, முன்னாடி கட்டிப் புடிச்சுத் தூக்குங்க" என்றார். மூட்டையைப் பிரித்துப் பாதியாக்கிக் கட்டினேன். தோளை மறந்தேன். நெஞ்சோடு அணைத்து, முழங்கையை மடக்கி, நடை. ஓய்வு. மறுபடி நடை. மெல்ல மெல்லப் பாதி மூட்டை முக்கால் ஆயிற்று.

முழு மூட்டை ஆகவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? முன்பக்கமாக ஒரு முழு மூட்டையை என்னால் வாசல் நீளத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. கீர்த்தனாவோ மூட்டையை விடக் கூடுதல்.

அப்போதும் வழி சொன்னவள் வளர்மதிதான். இரண்டாவது ஒத்திகையில் நான் தூக்கியதும், நழுவப் போகிறோம் என்ற பயத்தில் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடனே பாரம் பாதியான மாதிரி இருந்தது. கோடிவரை நடந்தேன். திரும்பியும் வந்தேன்!

"பாத்தீங்களா" என்றாள், கீழே இறங்காமலே. "மூட்டை உங்களைப் புடிச்சுக்காதுங்க. புள்ள புடிச்சுக்குவா."

எதிர்வீட்டு ஜன்னல் அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. வளர்மதி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கீர்த்தனாவை வைத்து ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம் என்றால் அக்கா மறுத்துவிட்டாள். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணைத் தூக்கக் கூடாதாம். "கழுத்தைக் கெட்டியாப் புடிச்சுக்க சாமி, அது போதும்" என்று போனில் மட்டும் சொன்னேன்.

"சரிங்க மாமா" என்றாள். காரணம் கேட்கவில்லை.

*

போன வாரம் கல்யாணம். நாமக்கல் ரோட்டில் ஒரு மண்டபம். விடிகாலை முகூர்த்தம்.

சீர்களை முன்னின்று நடத்தும் அருமைக்காரர் மைக்கில் கூப்பிட்டார்: "தாய்மாமன் வாங்க, பொண்ணக் கொண்டாங்க."

மணமகள் அறைக்குள் போனேன். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, தோள்வரை மாலை. உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினேன். கதவைச் சாத்துகிற மாதிரி. ஒரு கை முழங்காலுக்கு, ஒரு கை முதுகுக்கு. மூச்சை விட்டேன்.

எழுந்தேன். அவளோடு.

அறை வாசல் தாண்டினோம். நாதஸ்வரம் வேகம் பிடித்தது. இரண்டு பக்கமும் நாற்காலி, முகம், செல்போன். முன் வரிசையில் ரிக் மச்சான். அவர் வாய் திறந்தபடி இருந்தது. பாதி தூரம் வந்திருப்போம். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், ஒன்றைத் தவிர. தீவன மூட்டை சொரசொரப்பானது. பட்டுச் சேலை அப்படி இல்லை. முழங்காலுக்குக் கீழே இருந்த கையில் பட்டு மெதுவாக, எண்ணெய் தடவிய மாதிரி, வழுக்க ஆரம்பித்தது.

நின்றேன். ஒரு நொடிதான். அந்த நொடியில் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

என் கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. சாதாரண இறுக்கம் இல்லை. தோளைப் பிடித்துத் தன்னை ஒரு விரற்கடை மேலே இழுத்துக்கொண்டாள். வழுக்கிய கை மறுபடி சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"நான் புடிச்சிருக்கறேன் மாமா" என்றாள் காதோரமாக. "நீங்க நடங்க."

நடந்தேன். ஆடவில்லை, அசையவில்லை. மணவறையில் அவளை இறக்கினேன். இறக்குவதற்கும் அதே விதிதான்: இடுப்பை மடக்கு, முதுகை மடக்காதே. கைதட்டல் எழுந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையன் என்னைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தான் என்று நினைக்கிறேன். நாளைக்குக் கீர்த்தனா அவனோடு என்ன ஒப்பந்தம் போடுவாளோ!

அந்தப் பிடி மட்டும் எனக்குப் புரியவில்லை. பச்சை ஜூஸ் குடித்துக் கிறுகிறுத்து உட்கார்ந்தவளின் பிடியா அது?

தாலி கட்டி முடிந்ததும் ஆசி சொல்லக் குனிந்தபோது கேட்டேன். "அந்த ரெண்டு பாட்டிலும் எதுக்குன்னு நெனைச்சீங்க?" என்றாள். "நீங்க மட்டும்தான் தூக்குவீங்களா?"

தட்டுக்குப் பின்னால் மாதக்கணக்காக நின்ற தண்ணீர் பாட்டில்கள்! ஒவ்வொரு படத்திலும் பார்த்தேன். தட்டைத்தான் பார்த்தேனே தவிர...

"மாமா, அப்பறம் ஒண்ணு" என்றாள், புகைப்படக்காரருக்காகச் சிரித்துக்கொண்டே. "அன்னிக்கு இலையில வெச்ச ஜிலேபி ஒண்ணு பாக்கி இருக்குது."

பந்தியில் நானே தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறினேன். பாக்கி ஒன்று, அதற்கு மேலே ஒன்று. இரண்டையும் தின்றாள். இலையை மடித்தபோது அது தட்டையாகப் படுத்தது.

கை கழுவும் இடத்தில் ரிக் மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். அந்தக் குரல் இத்தனை சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது.

"மாப்ள... தையில என்ற தங்கச்சி மவளுக்குக் கல்யாணமுங்க."

"தெரியுமுங்க மச்சான். நீங்கதானுங்களே தாய்மாமன்?"

"ஆமாங்க. அதான்..." என்று சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்கக்கா சொன்னாங்க... நீங்க தூக்கிப் பழகுன அந்தத் தண்ணி பாட்டிலு... அரை லிட்டருங்களா, ஒரு லிட்டருங்களா?"

எனக்கும் வாய் இருக்கிறதே. "உங்ககிட்டக் கிரேன் இருக்குதுங்களே மச்சான்?"

"அது மண்டபத்து வாசல்ல நொழையாதுங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். பிறகு இருவருமே சிரித்துவிட்டோம்.

முதலில் நாற்காலி, பிறகு சுவர், பாட்டிலெல்லாம் அதற்கப்புறம்தான் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டுப் பக்கமும் கோழிப்பண்ணைகள் உண்டு.

மச்சான், இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும் - மூட்டைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்!